பால் கொடுத்த பின் எடுத்தது

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு மட்டும் ஏழு பொய்யர்கள். எண்ணியே வைத்தேன். 'வெறும் வயிற்றில் வரவும்' என்று எங்கள் ரத்தப் பரிசோதனை லேப் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழேயே உட்கார்ந்து மீசையில் டீ நுரையைத் துடைத்துக்கொண்டு, "பச்சத்தண்ணி கூட பல்லுல படலீங்க" என்கிறான் ஒருத்தன். இன்னொரு அம்மாள் வாய் திறந்ததும் தேங்காய்ச் சட்னி வாசம். கேட்டால் "நேத்து தின்னதுங்க" என்கிறாள். இந்தச் சனங்களோடு இருபத்தாறு வருடமாக மாரடிக்கிறேன்.

தாராபுரத்தில் சாரதாமணி ஊசி பிடித்தால் நரம்பு தானாக எழும்பி வரும் என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். பேசுகிறவர்களைத்தான் பிடிக்காது. "ஊட்டுல வந்து கத்தாதே, இதுல எழுதித் தொலை" என்று மருந்துக் கம்பெனி டைரியை என் பக்கம் தள்ளியவர் என் வீட்டுக்காரர். அதனால் எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். கோகிலவாணி, இருபத்திரண்டு வயது, மூலனூர்ப் பக்கம். கையில் எழுபது நாள் பெண் குழந்தை. கூடவே மாமியார் ருக்குமணி. மாமியார் என்றால் வேற்று ஆள் இல்லை, கோகிலவாணியின் அப்பாவுக்குத் தங்கை. சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. காத்திருந்த இருபது நிமிடத்தில் ருக்குமணியே கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்துவிட்டாள். குழந்தை ஓயாமல் அழுகிறதாம், கக்குகிறதாம். வயிறு உப்பித்தான் இருந்தது. கல்லீரல் டெஸ்ட் பார்க்கச் சொல்லி மெஹருன்னிசா டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ரிஜிஸ்டரில் 'கோகிலவாணி குழந்தை' என்று எழுதினேன்.

புறங்கையில் ஒரே குத்தில் எடுத்தேன். வந்த ரத்தம் ரோஸ்மில்க் போல வெளுத்திருந்தது. சுற்றும் மெஷினில் போட்டு எடுத்தால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர் அத்தனையும் வெள்ளை வெளேரென்று பால். டெஸ்ட் மெஷின் அதைப் படிக்க மாட்டேன் என்றுவிட்டது.

இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. தின்ற கொழுப்பு குடலிலிருந்து பொடிப்பொடித் துளியாக ரத்தத்தில் ஏறும். சில மணி நேரத்தில் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும், ரத்தம் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் வயிற்றை ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"எப்ப பால் குடுத்தே?" என்று கோகிலவாணியைக் கேட்டேன்.

"காலைல ஆறு மணிக்குங்க்கா."

"பொய் சொல்லாதே. இப்பத்தான் குடுத்திருக்கே."

"இல்லீங்க்கா. பஸ்ஸுல ஒரே கூட்டம். குடுக்கவே முடியலீங்க."

ரிஜிஸ்டரில் 'கடைசியாகப் பால் கொடுத்த நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. தாய் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டியது. அதில் 'பத்து மணி' என்று எழுதினேன். பக்கத்தில் 'பால் கொடுத்த பின் எடுத்தது, நிராகரிக்கப்பட்டது, நாலு மணி நேரப் பட்டினியில் மறுபடி வரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாய் என்ன சொன்னால் எனக்கென்ன? டியூப் சொல்கிறதே.

மார்ச் 5, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. முழங்கால் வலி. பொய்யர்கள் நான்கு பேர்.

மார்ச் 6, புதன்

கோகிலவாணி மறுபடி வந்தாள், ஏழு மணிக்கே. நான்தான் அப்படி வரச் சொல்லியிருந்தேன். "என் கண்ணு முன்னால பெஞ்சுல உக்காரு. பதினோரு மணிக்கு எடுக்கறேன். எப்படி ஏமாத்தறேன்னு பாக்கறேன்" என்றேன்.

குழந்தை அழுதது பாருங்கள், கூடமே அதிர்ந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்தது, ஒன்பதரைக்குத் தொண்டை கட்டிவிட்டது. சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்த கிழவர் ஒருவர், "பச்சக் கொழந்தைய எதுக்கம்மா பட்டினி போடறீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். எனக்கு மட்டும் காது இல்லையா?

பதினோரு மணிக்கு எடுத்தேன். அதே ரோஸ்மில்க். சுற்றி எடுத்தால் அதே பால்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நடுவில் மற்றவர்களுக்கு ரத்தம் எடுக்க உள்ளே போக வேண்டியிருந்தது, நாலு மணி நேரமும் நான் பெஞ்சையே பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? அந்த இடைவெளியில் கொடுத்திருக்கிறாள். அத்தாட்சி அவள் மேலேயே இருந்தது. ரவிக்கை இரண்டு பக்கமும் தொப்பலாக நனைந்திருந்தது. சேலையை இழுத்து இழுத்து மறைத்தாள்.

"இது என்ன, பன்னீரா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "குடுக்கலீங்க்கா" என்றாள். குற்றம் செய்கிறவர்கள் இப்படித்தான் குனிவார்கள்.

ருக்குமணி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "ஏம்புள்ள, வாயத் தெறந்தாலே பொய்யா? எங்கண்ணன் மகளாச்சேன்னு எடுத்தேன் பாரு, எம் புத்தியச் சொல்லோணும்!" என்று முதுகில் ஒரு வைப்பு வைத்தாள். கூடமே வேடிக்கை பார்த்தது. நான் தடுக்கவில்லை. தடுப்பது என் வேலை இல்லை.

ரிஜிஸ்டரில் 'மீண்டும் ஒளித்துப் பால் கொடுத்துள்ளார்' என்று எழுதினேன். மெஹருன்னிசா டாக்டர் திருச்சியில் தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பத்தாம் தேதிதான் வருகிறார். வந்ததும் அவரையே பார்த்துக்கொள் என்று ரிப்போர்ட் இல்லாமல் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

நேற்று அந்த டியூப்பைக் கழிவில் போட மறந்து பிரிட்ஜில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. காலையில் திறந்தால் நேராகக் கண்ணில் பட்டது. மேலே விரல் கனத்துக்குப் பாலாடை. கீழே தெளிந்த நீர்.

படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி குளிரில் வைத்து மேலே ஆடை கட்டினால் அது சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு. ஆக நான் சொன்னது சரி. பால் குடித்த குழந்தைதான்.

ஒரு வேளைப் பாலுக்கு இவ்வளவு ஆடை கட்டுமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. டியூப்பைக் கழிவில் போட்டேன். பிறகு பிரிட்ஜ் முழுவதையும் துடைத்து வைத்தேன், ஒரு மாதமாகத் துடைக்கவே இல்லை.

மார்ச் 9, சனி

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்த்தேன். வெறும் வயிறு என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். முந்நூற்றுப் பத்து. சட்டைப் பையில் கைவிட்டால் முறுக்குத் தூள்.

"ஒரே ஒரு முறுக்கு, சாரதா."

"ஊரே பொய் சொல்லுது, நீங்க மட்டும் யோக்கியமா இருப்பீங்களா?" என்று கத்தினேன். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், இவர் சிரிப்பார். இன்று சிரிக்காமல், "ரெண்டு நாளா யார் மேல கோவம்?" என்றார். யார் மேலும் இல்லை என்றேன்.

மார்ச் 11, திங்கள்

கோகிலவாணி குழந்தையை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வலியில் வில்லாக வளைந்துவிட்டதாம். காலையிலேயே மெஹருன்னிசா டாக்டர் போனில் கேட்டார்.

"நாலாம் தேதி ரிப்போர்ட் எங்கே? ஆறாம் தேதி ரிப்போர்ட் எங்கே? ரத்தம் பால் மாதிரி இருக்குன்னு எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல?"

"பால் குடுத்துட்டு வந்துட்டாங்க டாக்டர். ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன்."

"ரிஜிஸ்டரை எடுத்துட்டு நாளைக்கு வாங்க."

லேப் ஓனர் கதிர்வேல் பக்கத்தில்தான் நின்றார். "ரிஜிஸ்டர் சுத்தமா இருக்குதில்லீங்க்கா?" என்றார். இருக்கிறது என்றேன். சோறு இறங்கவில்லை, புளிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

ரிஜிஸ்டரோடு போனபோது டாக்டர் அறையில் கோகிலவாணியும் ருக்குமணியும் இருந்தார்கள். முதலில் டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலேயே எடுத்த ரத்தத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு ஒன்பதாயிரத்து எண்ணூறு. நூற்றைம்பதைத் தாண்டினாலே நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். ஒன்பதாயிரத்தை என் சர்வீஸில் கண்டதில்லை.

"சாப்பிட்ட கொழுப்பை ரத்தக்குழாய்ல வெச்சுப் பிரிச்சு உடம்புக்குள்ள அனுப்பறதுக்கு ஒரு என்சைம் இருக்கு. இந்தக் குழந்தைக்கு அது பொறப்புலேயே இல்ல" என்றார் டாக்டர். ருக்குமணிக்குப் புரியவில்லை. டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "லோடு லாரி வந்துட்டே இருக்கும்மா. மூட்டை இறக்கற ஆள் ஒருத்தரும் இல்ல. ரோடு பூரா லாரி நின்னு போச்சு. அதுல கணையம் வீங்கிருச்சு."

பட்டினி போட்டாலும் அந்த ரத்தம் தெளியாது. நாலு மணி நேரம் இல்லை, ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் தெளியாது. பட்டினி போட்டுவிட்டு அப்புறம் பசி வெறியில் வயிறு முட்டக் குடித்தால் இன்னும் மோசம். இதை டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

தாய்ப்பாலில் கொழுப்பு அதிகம். இனி ஒரு சொட்டும் கூடாது. அதற்காகக் கொழுப்பே இல்லாமலும் வளர்க்க முடியாது. மூளையில் தண்ணீர் போக மிச்சத்தில் பாதிக்கு மேல் கொழுப்பு, நரம்பின் உறை கொழுப்பு, உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்கும் தோல் கொழுப்பு, கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமின் உள்ளே போவதே கொழுப்பின் கையைப் பிடித்துக்கொண்டுதான். ஆகவே கொழுப்பெடுத்த பால் பவுடர். அதில் ஒரு தனி எண்ணெய். அது சின்ன வகைக் கொழுப்பாம், ரத்தத்தில் சுற்றாமல் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும். கூட மூளை வளர்ச்சிக்கு வேறு எண்ணெய் சில சொட்டு. எல்லாம் அளந்து, மணி பார்த்து, வருடக்கணக்கில்.

"அப்போ இவ பாலே விஷமாப் போச்சுங்களா?" என்றாள் ருக்குமணி.

"விஷம் இல்லம்மா. இந்தக் குழந்தைக்கு ஆகாது. இந்தக் குறை தாய்கிட்ட இருந்து பாதி, தகப்பன்கிட்ட இருந்து பாதி வந்தாத்தான் சேரும். ரெண்டு பேரும் உங்க பொறந்த வீட்டு ரத்தம்தானே?"

ருக்குமணி முகம் செத்துப்போனது. பழி போட அவளுக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் கையிலிருந்த ரிஜிஸ்டரைக் காட்டி, "ரெண்டு தடவ ஒளிச்சுக் குடுத்தான்னு இதுல எழுதியே இருக்குதுங்க. ஆகாத பாலக் குடுத்துக் குடுத்து இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவ இவதான்" என்றாள்.

டாக்டர் வாங்கிப் படித்தார். "நாலாம் தேதி பத்து மணிக்குக் கொடுத்தியாம்மா?" என்று கோகிலவாணியைக் கேட்டார்.

"ஆறுன்னுதானுங்க சொன்னேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எழுதியிருக்கறதுதான் டாக்டர்" என்றேன்.

மார்ச் 13, புதன்

லேப்பில் கூட்டமே இல்லை. பொய்யர்களை எண்ணவில்லை.

மார்ச் 15, வெள்ளி

தினம் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. "குழந்தை நரம்பு உங்களுக்குத்தான் ஒரே குத்துல கிடைக்கும்" என்று டாக்டர் என்னையே வரச் சொல்கிறார். இன்று ரத்தம் சிவப்பாக வந்தது. ட்ரைகிளிசரைடு ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. குழந்தை பவுடர் பாலைக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. பக்கத்தில் ருக்குமணி மட்டும்தான் இருந்தாள்.

கோகிலவாணி வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே விடுவதில்லையாம். சேலையிலிருந்து மல்லிகை வாசம் குப்பென்று அடித்தது. இந்த நிலைமையில் பூ ஒரு கேடா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் தலையில் பூ இல்லை. பால் வற்றுவதற்காக மாரில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கட்டையும் மீறி ரவிக்கை நனைந்திருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே, பன்னீரான்னு" என்றாள். "குடுத்திருந்தா நனையாதுங்க்கா. புள்ள அழுவுற சத்தம் கேட்டுக் குடுக்காம உக்காந்திருந்தா இப்படித்தான் வழியும். உங்களுக்கு இது கூடத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எனக்கு யார் சொன்னார்கள்? நாற்பத்தொன்பது வயதாகிறது, ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு நான்தான் ஊசி குத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 16, சனி

திங்கட்கிழமை குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ருக்குமணி தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். கோகிலவாணி அவள் அப்பன் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "ஒரு சொட்டு கூடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒளிச்சுக் குடுக்கற பொய்க்காரி கையில எப்படி உடறது?" என்று ஆஸ்பத்திரியே கேட்கப் பேசுகிறாள். யாரும் அதை மறுக்கவில்லை. மறுக்க முடியாது, எழுத்தில் இருக்கிறதே. அதைச் சொல்லியே ருக்குமணி தன் மகன் வாயையும் அடைத்துவிட்டாள்.

கதிர்வேலிடம் சொன்னேன், கோகிலவாணி ஆறு மணி என்றுதான் சொன்னாள் என்று.

"அக்கா, ரிஜிஸ்டர்ல இருக்கறது இருக்கட்டும். நீங்க எதையாவது சொல்லப் போய் லேப்புக்குப் பூட்டுப் போட்டுருவாங்க. அது அவுங்க குடும்பச் சண்டை. நமக்கென்னங்க?"

நியாயம்தான். நமக்கென்ன? அவளுக்கு இருபத்திரண்டு வயது. அழுதுவிட்டு இன்னொன்று பெற்றுக்கொள்வாள். எல்லாருக்கும் கேட்டவுடன் கிடைக்கிறது. பதினோரு வருடம் நான் ஏறி இறங்காத டாக்டர் இல்லை, என் ரத்தத்தை நானே எத்தனை தடவை எடுத்திருக்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 18, திங்கள்

லேப்புக்குப் போனேன். யாரிடமும் கேட்காமல் ரிஜிஸ்டரை எடுத்துப் பையில் வைத்தேன். கதிர்வேல் "அக்கா, எங்க?" என்று வாசல் வரைக்கும் ஓடிவந்தார். "என் கையெழுத்து, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. ருக்குமணி தோளில் குழந்தை. மகன் சிவநேசன் பவுடர் டப்பாக்களைக் காரில் அடுக்கிக்கொண்டிருந்தான். கோகிலவாணியும் அவள் அப்பாவும் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்கள். மெஹருன்னிசா டாக்டர் படியில் நின்று எண்ணெய் அளவை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ரிஜிஸ்டரைப் பிரித்து சிவநேசன் கையில் கொடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நாலாம் தேதி உங்க சம்சாரம் ஆறு மணின்னு சொன்னாங்க. நான் பத்துன்னு எழுதினேன். ஆறாம் தேதி ஒளிச்சுக் குடுத்தாங்கன்னு எழுதினேன். நான் பாக்கல. அவங்க குடுக்கல. ரவிக்கை நனைஞ்சத வெச்சு நானா எழுதினது அது. பச்சப் பொய். பொய் சொன்னது நான்."

ருக்குமணி விடுவாளா? "இதென்னடி புதுக்கதை? அன்னைக்கு டாக்டரம்மா முன்னால எழுதியிருக்கறதுதான்னு சொன்னே, இன்னைக்கு இல்லேங்கறே? இவ வந்து உங் கால்ல உழுந்தாளா? எதை நம்பறது?" என்று கத்தினாள்.

"இப்ப சொல்றத நம்புங்க."

"எப்படி நம்பறது? அப்படின்னா சத்தியம் பண்ணு. உம் புள்ள மேல சத்தியம் பண்ணு!"

இத்தனை வருடம் எத்தனையோ பேர் எப்படி எப்படியோ கேட்டிருக்கிறார்கள். பேச்சை மாற்றியிருக்கிறேன், எரிந்து விழுந்திருக்கிறேன், எழுந்து போயிருக்கிறேன். இன்று போக இடமில்லை.

"எனக்குப் புள்ள இல்லீங்க" என்றேன்.

"பாத்தீங்களா? சத்தியம் பண்ண ஒரு நாதி இல்ல, பேச வந்துட்டா!"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து கோகிலவாணி வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். என் வலது கையை மணிக்கட்டோடு பிடித்தாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை, கை நெருப்பாகச் சுட்டது. இழுத்துக்கொண்டு போய் மாமியார் தோளில் கிடந்த குழந்தையின் தலை மேல் என் கையை வைத்தாள்.

"எம் புள்ள மேல பண்ணுங்க" என்றாள்.

உச்சிக்குழி என் உள்ளங்கையில் துடித்தது. நான் சொன்னேன். ஆறு மணி என்றும், குடுக்கவில்லை என்றும், பொய் என்னுடையது என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சிவநேசன் ரிஜிஸ்டரை மூடி கார் மேல் வைத்தான். அம்மா தோளிலிருந்து குழந்தையை எடுத்தான். கோகிலவாணி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். என் கை இன்னும் அந்தத் தலை மேலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போதும். கைய எடுங்க. அவளுக்குப் பசிக்குது."